மற்றும் பிறர்

1987ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழின் 85ஆம் தொகுதியில் நான்கு பக்கக் கட்டுரை ஒன்று வெளிவந்தது. தமிழ்நாட்டில் பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் சிலரின் ரத்தத்தில் எய்ட்ஸ் நோய்க்கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதை அது அறிவித்தது. எச்.ஐ.வி. என்ற பெயர் அப்போது இன்னும் முழுதாக நிலைபெறவில்லை; தலைப்பில் எச்.டி.எல்.வி.-3 என்றே இருக்கிறது. எழுதியவர்கள் ஏழு பேர்: சிமோயிஸ், பாபு, ஜான், நிர்மலா, சாலமன், லட்சுமிநாராயணா, குவின்.

இந்தக் கட்டுரையை எடுத்தாளும் பிற ஆய்வாளர்கள் ஆய்வுலக மரபுப்படி 'சிமோயிஸ் மற்றும் பிறர், 1987' என்று எழுதுவார்கள். ரத்த மாதிரிகளைச் சேகரித்த நிர்மலாவும், அந்த ஆய்வை மேற்கொள்ளச் சொல்லி வழிகாட்டிய சுனிதி சாலமனும் அந்த 'மற்றும் பிறர்' என்ற இரண்டு சொற்களுக்குள் போய்விடுவார்கள். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. பெயர்ப் பட்டியல் நீளமாக இருந்தால் முதல் பெயரை மட்டும் சொல்வது இடத்தை மிச்சப்படுத்தும் பழக்கம். ஆனால் இந்தப் பழக்கத்தின் மீதுதான் கடந்த அறுபது ஆண்டுகளாக ஒரு பெரிய கணக்குப் புத்தகம் கட்டப்பட்டிருக்கிறது. யார் அறிவாளி, யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு நிதி என்பதை அந்தக் கணக்குத் தீர்மானிக்கிறது. இந்தியாவின் நோய் எதிர்ப்பியல் வரலாற்றின் முக்கியமான ஒரு கண்டுபிடிப்பை வைத்து, அந்தக் கணக்கில் எது வரவாகிறது, எது விடுபடுகிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

1985இன் இறுதி. செல்லப்பன் நிர்மலா சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு மாணவி. வயது 32. இரண்டு சிறு குழந்தைகளின் தாய். ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தவரிடம் பேராசிரியர் சுனிதி சாலமன், இந்தக் கிருமி நம் ஊரில் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கலாமே என்றார். அமெரிக்காவில் 1981 முதல் இந்நோய் பேசப்பட்டு வந்தது. இந்தியப் பத்திரிகைகளோ இதை ஒழுக்கம் கெட்ட மேலைநாட்டாரின் நோய் என்று எழுதிக்கொண்டிருந்தன. பம்பாயிலிருந்து புணேவுக்கு அனுப்பிச் சோதித்த மாதிரிகளில் ஒன்றுகூட நேர்மறையாக வரவில்லை. கட்டுப்பாடான சென்னையில் எங்கே வந்துவிடப் போகிறது என்ற நம்பிக்கை நிர்மலாவுக்கும் இருந்தது. ஒன்றும் கிடைக்காது என்று தயங்கியவரைப் போய்ப் பார் என்று தள்ளிவிட்டவர் கணவர் ராமமூர்த்தி.

நோய் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்களிடமிருந்து இருநூறு மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது திட்டம். பம்பாய்போலச் சென்னையில் பாலியல் தொழிலுக்கென்று தனித் தெரு இல்லை. பால்வினை நோய்க்குச் சிகிச்சை பெறச் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்த பெண்களோடு நிர்மலா முதலில் பழகினார். அவர்களுள் பலருடைய படிவத்தில் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'வி ஹோம்' என்று எழுதியிருந்தது. அது விஜிலென்ஸ் ஹோம். 1956ஆம் ஆண்டின் பெண் கடத்தல் தடுப்புச் சட்டத்தின்கீழ் பிடிக்கப்பட்ட பெண்களும் ஆதரவற்ற பெண்களும் அடைக்கப்பட்டிருந்த அரசுக் காப்பகம். கணவரின் ஸ்கூட்டரில் அங்கே போய், கையுறைகூட இல்லாமல் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். மூன்று மாதங்களில் எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரிக்க சுனிதி சாலமன் ஒரு சிறு ஆய்வகத்தைக் கிடைத்ததை வைத்து அமைத்துக்கொடுத்தார். சேமித்து வைக்க வேறு இடம் இல்லாததால் நிர்மலாவின் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் சீரக்குப்பிகள் இருந்தன.

எலைசா சோதனை செய்யும் வசதி சென்னையில் இல்லை; வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு இரவு ரயிலில் காட்பாடிக்குப் போனார்கள். அங்கே வைரஸ் துறையின் தலைவர் ஜேக்கப் ஜான். துணைக்கு ஜார்ஜ் பாபுவும் எரிக் சிமோயிஸும். சோதனைத் தட்டின் குழிகளில் ஆறு மஞ்சள் நிறமாயின. மறுபடியும் செய்து பார்த்தார்கள்; மறுபடியும் மஞ்சள். அந்தப் பெண்களிடம் திரும்பப் போய்ப் புதிதாக ரத்தம் எடுக்கப்பட்டது. அமெரிக்காவில் வெஸ்டர்ன் பிளாட் சோதனையும் அதையே உறுதி செய்தது. செய்தி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்கும், அங்கிருந்து பிரதமருக்கும் மாநில சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டேவுக்கும் போனது. மே மாதம் ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். நம் நாட்டில் எய்ட்ஸ் இல்லை என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

அதன் பிறகு இரு பெண்களின் பாதைகளும் பிரிந்தன. சுனிதி சாலமன் எச்.ஐ.வி. சிகிச்சையையே வாழ்நாள் பணியாக எடுத்துக்கொண்டார். 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். மற்ற மருத்துவர்கள் தொட மறுத்த நோயாளிகளைத் தொட்டுப் பார்த்தார். 2015 ஜூலையில் மறைந்தார். 2017இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நிர்மலா 1987 மார்ச்சில் 'தமிழ்நாட்டில் எய்ட்ஸ் கண்காணிப்பு' என்ற பொருளிலான ஆய்வேட்டை அளித்து, தேர்வில் தேறி, கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் சேர்ந்தார். தடுப்பு மருந்துத் தயாரிப்புப் பணி. 2010இல் ஓய்வு பெற்றார். கண்டுபிடிப்பு நடந்து முப்பது ஆண்டு கழித்து, 2016இல் ஒரு வெளிநாட்டுச் செய்தி நிறுவனம் தேடிவந்து எழுதியபோதுதான் அவருடைய பெயர் பரவலாகத் தெரிந்தது.

*

மேற்கோளை எண்ணுவது என்ற யோசனை அறிவியலுக்கு வந்தது சட்டத் துறையிலிருந்து. எந்தத் தீர்ப்பைப் பின்னர் எந்தத் தீர்ப்பு எடுத்தாண்டிருக்கிறது என்று காட்டும் ஷெப்பர்ட் பட்டியல் அமெரிக்க வழக்கறிஞர்களிடம் 1873 முதல் இருந்தது. இதைப் பார்த்த யூஜின் கார்ஃபீல்டு, அறிவியல் கட்டுரைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று 1955இல் எழுதினார். 1964இல் பிலடெல்பியாவில் அவருடைய நிறுவனம் அறிவியல் மேற்கோள் குறியீட்டை வெளியிட்டது. ஒரு கருத்து எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று தடம் பிடிக்க ஆய்வாளருக்கு உதவும் கருவி என்பதுதான் அதன் தொடக்க நோக்கம். விரைவிலேயே தடம் பிடிக்கும் கருவி எடை போடும் தராசாக மாறியது. 1975 முதல் இதழ்களுக்குத் தாக்கக் காரணி ஆண்டுதோறும் வந்தது. 2005இல் இயற்பியலாளர் ஹிர்ஷ் ஒரு மனிதரின் ஆய்வு வாழ்க்கையை ஒற்றை எண்ணில் சொல்லும் எச்-குறியீட்டை முன்வைத்தார். குறைந்தது பத்து மேற்கோள் பெற்ற கட்டுரைகள் ஒருவருக்குப் பத்து இருந்தால் அவருடைய எண் பத்து.

இந்தத் தராசில் என்ன ஏறும், என்ன ஏறாது என்பதை நிர்மலாவின் வாழ்க்கையை வைத்தே பார்க்கலாம். இதழில் வந்த நான்கு பக்கம் ஏறும். நூலகத்தில் இருக்கும் முதுநிலை ஆய்வேடு பெரும்பாலும் ஏறாது. காப்பகத்தின் வாசலில் காத்திருந்த நாட்கள் ஏறாது. கிங் நிலையத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தயாரிப்பில் செலுத்திய உழைப்பு எத்தனை குழந்தைகளின் உடலில் எதிர்ப்புச் சக்தியாகச் சேர்ந்திருந்தாலும், அதற்கு மேற்கோள் எண்ணிக்கை சுழியம். தடுப்பூசி போட்டுக்கொண்ட குழந்தை அடிக்குறிப்பு எழுதுவதில்லை.

அவருடைய மாதிரிகளைச் சோதித்த எலைசா முறைக்கும் ஒரு பெண்ணின் வரலாறு உண்டு. 1971இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வால் என்ற இளம் ஆய்வாளர், தம் ஆசிரியர் பீட்டர் பெர்ல்மானோடு சேர்ந்து அதை வெளியிட்டார். முதல் பெயர் எங்வாலுடையது. ஏறத்தாழ அதே சமயத்தில் நெதர்லாந்தில் ஷூர்ஸ், வான் வீமன் என்ற இருவரும் தனியே இதே முறையைக் கண்டனர். எதிர்ப்பொருளோடு ஒரு நொதியை இணைத்துவிட்டால், அது ஒட்டிக்கொண்ட இடத்தில் நிறம் தோன்றும். கதிரியக்கப் பொருள் தேவையில்லை. எளிதாக இருந்ததால் உலகத்தின் எல்லா ஆய்வகங்களுக்கும் போனது. இன்று டெங்குவுக்கும் மஞ்சள் காமாலைக்கும் எலைசா எடுத்து வா என்று ஊர் மருத்துவர் சீட்டு எழுதுகிறார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு பெண் இருப்பது யார் நினைவிலும் இல்லை. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் இதற்கு ஒரு விளக்கம் தந்திருக்கிறார்: ஒரு கண்டுபிடிப்பு அடிப்படை அறிவோடு முழுதாகக் கலந்துவிட்டால், அதைக் கண்டவரைச் சுட்டுவதை எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். உப்பு கரைந்த பிறகு குழம்பில் உப்பைத் தேட முடியாது என்பதுபோல. மிகப் பெரிய தாக்கத்தின் அடையாளம் மேற்கோளே இல்லாமல் போவது என்றால், எண்ணிக்கையை நம்பி எடை போடுபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருக்கிறது.

மெர்ட்டனின் பெயரைச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே புகழ் உள்ளவருக்கே மேலும் புகழ் சேரும் என்பதை 'மத்தேயு விளைவு' என்று அவர் 1968இல் எழுதினார். உள்ளவனுக்கே கொடுக்கப்படும் என்னும் விவிலியக் கருத்திலிருந்து வந்த பெயர். அந்தக் கட்டுரைக்கு ஆதாரமாக இருந்தவை ஹாரியட் சக்கர்மன் என்ற பெண் ஆய்வாளர் நோபல் பரிசாளர்களோடு நடத்திய நேர்காணல்கள். கட்டுரையில் பெயர் மெர்ட்டனுக்கு மட்டுமே. அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டும் என்று அவரே இருபது ஆண்டு கழித்து ஒப்புக்கொண்டார். புகழ் எப்படித் தப்பான இடத்தில் சேர்கிறது என்று விளக்கிய கட்டுரையிலேயே அது நடந்திருக்கிறது. 1993இல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் இதன் மறுபக்கத்துக்கு 'மட்டில்டா விளைவு' என்று பெயர் வைத்தார். பெண்களின் கண்டுபிடிப்புகள் மறைக்கப்படுவதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிய மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் என்ற அமெரிக்கப் பெண்ணியரின் நினைவாக வைத்த பெயர் அது.

எல்லாப் பெண்களும் எப்போதும் மறைக்கப்பட்டார்கள் என்று சொன்னால் அது உண்மையாகாது. எய்ட்ஸ் வைரஸை முதன்முதலில் பிரித்தெடுத்த 1983ஆம் ஆண்டுப் பிரெஞ்சுக் கட்டுரையின் முதல் பெயர் பிரான்சுவாஸ் பாரே-சினூசி. 2008இல் நோபல் பரிசும் பெற்றார். தொழுநோயில் உடலின் எதிர்ப்பாற்றல் ஏன் தோற்கிறது என்று டெல்லி எய்ம்ஸில் ஆராய்ந்த இந்திரா நாத் உலக அளவில் மதிக்கப்பட்டு, 2002இல் லோரியல்-யுனெஸ்கோ விருதும் பெற்றார். இவர்கள் இருவரும் ஆய்வகத்தில் நிலையான இடம் பெற்றவர்கள். நிர்மலா படித்து முடித்ததும் அரசுப் பணிக்குப் போனவர். மேற்கோள் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் ஓரவஞ்சனை செய்வதில்லை. எழுதுகிறவருக்கும் செய்கிறவருக்கும் இடையில், தங்கியவருக்கும் விலகியவருக்கும் இடையிலும் செய்கிறது. செய்கிறவராகவும் விலகியவராகவும் இருப்பது பெரும்பாலும் பெண்ணாக இருப்பதால் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

*

தமிழ் படித்தவளுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. நம் இலக்கண நூல்கள் முன்னோர் கருத்தைச் சொல்லும்போது 'என்ப', 'மொழிப' என்று பலர்பாலில் முடித்துவிடும். யார் சொன்னார்கள் என்ற பெயர் கிடையாது. தமிழின் முதல் 'மற்றும் பிறர்' தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. அதே சமயம், மேற்கோள் ஒரு நூலின் உயிரைக் காப்பாற்றியதும் இங்கேதான். முழு நூலும் அழிந்துபோன குண்டலகேசியை இன்று நாம் அறிவது புறத்திரட்டும் பிறரும் எடுத்தாண்ட சில பாடல்களால். யாப்பருங்கல விருத்தி இல்லையென்றால் பல நூல்களின் பெயர்கூடத் தெரிந்திருக்காது. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களோ, பெயர் தெரியாத புலவருக்கு அவர் பாட்டின் தொடரையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் என்ற பெயர் அப்படி வந்தது. ஆளைத் தெரியாவிட்டாலும் ஆளின் சொல்லை ஆளாகவே மதித்த முறை அது.

ஔவையாரின் கதை இதற்கு நேர்மாறு. சங்க காலத்தில் அதியமானோடு இருந்த ஔவை ஒருவர்; நீதி நூல்கள் பாடிய ஔவை பல நூற்றாண்டு கழித்து வந்தவர்; வேறு ஔவைகளும் உண்டு. வெவ்வேறு காலத்துப் பெண் புலவர்கள் ஒரே பெயரின்கீழ் ஒரே கிழவியாக்கப்பட்டுவிட்டார்கள். இன்றைய தரவுத்தளங்கள் இதையே நாள்தோறும் செய்துகொண்டிருக்கின்றன. மேலைநாட்டுக் குடும்பப் பெயரை நினைத்து உருவாக்கிய அட்டவணையில் தமிழ்ப் பெயர் உட்காருவதில்லை. எஸ். நிர்மலா அங்கே 'நிர்மலா எஸ்' ஆகிறார். குடும்பப் பெயர் நிர்மலா என்று அது எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டில் எத்தனை எஸ். நிர்மலாக்கள்! அத்தனை பேரும் ஒரே வரியில் போய் நிற்பார்கள். திருமணத்துக்குப் பின் முன்னெழுத்தை மாற்றிக்கொண்ட பெண்ணோ இரண்டு ஆளாகப் பிரிந்துவிடுவாள். அவளுடைய பழைய கட்டுரைகள் யாரோ ஒருத்தியுடையவை ஆகிவிடும். அந்த 1987ஆம் ஆண்டுக் கட்டுரையில் அடுத்தடுத்து நிற்கும் இரு பெண் பெயர்களைப் பாருங்கள். கெய்தொண்டே குடும்பத்தில் பிறந்த சுனிதி, கணவர் பெயரான சாலமனில் பதிவாகியிருக்கிறார். நிர்மலா தம் பெயரிலேயே நிற்கிறார். தமிழ் முன்னெழுத்து முறையின் தற்செயலான கொடை இது: அட்டவணைக்கு நம் வழக்கம் புரியாமல் போனதால் ஒரு பெண்ணுக்கு அவளுடைய பெயரே முதன்மைப் பெயராகக் கிடைத்தது.

*

இதுவரை ஏழு பேரைப் பற்றிப் பேசினோம். கட்டுரையின் தலைப்பில் பெயரின்றி நிற்கும் பெண்களைப் பற்றி இன்னும் பேசவில்லை. தலைப்பு அவர்களைத் தொழிலின் பெயரால், இன்று நாம் பயன்படுத்தத் தயங்கும் சொல்லால் குறிக்கிறது. நோயாளியின் பெயரை வெளியிடக் கூடாது என்பது சரியான அறம். அவர்கள் பெயரின்றி இருப்பதில் எனக்குக் குறையில்லை. ஆனால் எதற்காக ரத்தம் எடுக்கிறோம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. நிர்மலாவே பின்னாளில் இதை மறைக்காமல் சொல்லியிருக்கிறார். எய்ட்ஸ் என்றால் என்ன என்று மருத்துவர்களுக்கே சரியாகத் தெரியாத காலம். காப்பகத்தில் அடைபட்ட பெண் ஊசி வேண்டாம் என்று சொல்லும் நிலையிலும் இல்லை. ஒரு பெண்ணின் மறைந்த புகழை மீட்கும்போது, அந்தப் புகழுக்காகக் கையை நீட்டிய மற்ற பெண்களை மறுபடியும் மறைத்துவிட்டால் பெண்ணிய வரலாறு எழுதி என்ன பயன்?

சோதனையின் முடிவு பிரதமர் வரை போனது. ரத்தம் கொடுத்தவர்களின் வாழ்க்கைக்கு அது கொண்டுவந்தது பூட்டு. தமிழ்நாட்டில் எச்.ஐ.வி. இருப்பதையே காரணமாக வைத்துப் பெண்கள் தண்டனைக் காலம் முடிந்தும் காப்பகத்தில் வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் இதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1990இல் அவர்களை விடுவிக்க வழி பிறந்தது. நோய் இருப்பது குற்றம் ஆகாது என்று நிறுவிய இந்த வழக்கும் அந்த 1986ஆம் ஆண்டுச் சோதனையின் தாக்கம்தான். எந்த மேற்கோள் குறியீடும் இதை எண்ணாது.

எண்ணாத இன்னொரு தாக்கம் ரத்த வங்கிகளில் நிகழ்ந்தது. கிருமி இங்கே இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான், ஏற்றும் ரத்தத்தை எச்.ஐ.வி.க்குச் சோதிப்பது 1989இல் கட்டாயமானது. 1996இல் உச்ச நீதிமன்றம் உரிமம் இல்லாத ரத்த வங்கிகளையும் ரத்தத்தை விற்பவர்களிடம் வாங்குவதையும் நிறுத்தச் சொன்னது. பிரசவத்தில் ரத்தம் இழந்து பிழைத்த எத்தனையோ பெண்களின் உடலில் அந்த ஆறு மஞ்சள் குழிகளின் பயன் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

அந்தப் பயன் கிடைக்காமல் போன ஒரு பெண் எங்கள் மாவட்டத்தில் இருந்தார். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த ரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது. ரத்தம் கொடுத்த இளைஞருக்கு 2016இலேயே ஒரு முகாமில் எடுத்த ரத்தத்தில் கிருமி இருப்பது தெரிந்திருந்தும், அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவர் வேறொரு காரணத்துக்காகச் சோதனை செய்துகொண்டபோது உண்மை அறிந்து, தாமே மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றியாகிவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் அவர் உயிரோடு இல்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019இல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

1986இல் ரத்தம் கொடுத்த பெண்களுக்கு எதற்கென்று சொல்லவில்லை. முப்பது ஆண்டு கழித்து, ரத்தம் கொடுத்த இளைஞருக்கு என்ன முடிவு என்று சொல்லவில்லை. எலைசா மாறவில்லை, அது அன்றும் இன்றும் சரியாகவே வேலை செய்கிறது. சோதனைக் கூடத்தில் தெரிந்த செய்தி யாருடைய உடலிலிருந்து வந்ததோ அவருக்குத் திரும்பிப் போகாததுதான் அன்றைக்கும் இன்றைக்கும் பொதுவானது. கட்டுரையிலிருந்து கட்டுரைக்கு அறிவு பயணம் செய்வதை எண்ணுவதற்கு உலகளாவிய நிறுவனங்கள் இருக்கின்றன. கட்டுரையிலிருந்து சாத்தூர் பிரசவ வார்டுக்கு அது வந்து சேர்ந்ததா என்று எண்ணுவதற்கு ஆள் இல்லை.

பெயர் விடுபடுவது எங்கள் பகுதிக்குப் பழகிய விஷயம். 1923இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததிலிருந்து சிவகாசியின் வரலாறு தொடங்குவதாகப் பாடப்புத்தகம் சொல்லும். அந்த வரலாறு உண்மை. அதன்பின் தீப்பெட்டிக் கூடு ஒட்டியவர்களும் குச்சி அடுக்கியவர்களும் சரவெடி பின்னியவர்களும் பெரும்பாலும் பெண்கள், நெடுங்காலம் சிறுமிகளும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அச்சடிக்கத் தொடங்கிய ஊர் நாட்டுக்கே நாட்காட்டி அச்சடிக்கும் ஊராக வளர்ந்தது. லேபிளில் மயிலும் அணிலும் கடவுளும் உண்டு. கம்பெனிப் பெயரும் விலையும் உண்டு. பின்னிய கை யாருடையது என்று இருக்காது. 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விபத்து நடந்த பிறகு, அன்று யார் யார் வேலைக்கு வந்திருந்தார்கள் என்று இந்த ஊர் ஒவ்வொரு முறையும் தேடத் தொடங்குகிறது. அப்போதுதான் வருகைப் பதிவேட்டில் பெயர் இருந்ததா என்பது இழப்பீடு கிடைக்குமா என்ற கேள்வியாகிறது. பெயர் எழுதுவது மரியாதை மட்டுமல்ல, உரிமைச் சான்று என்பதை எங்கள் ஊர்ப் பெண்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

*

இந்தப் பகுதிப் பெண்களின் மகள்கள் இன்று எங்கள் கல்லூரிகளில் படிக்கிறார்கள். சிலர் ஆய்வுப் பட்டம் வரை வருகிறார்கள். வந்ததும் எண்ணிக்கையின் உலகத்துக்குள் நுழைகிறார்கள். 2010இல் பல்கலைக்கழக மானியக் குழு ஆசிரியர்களின் பணியைப் புள்ளிகளாக மாற்றியது. 2019இல் ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று கேர் பட்டியல் வந்தது. 2025இல் அதையும் கைவிட்டார்கள். விதி மாறிக்கொண்டே இருக்கிறது. படிவத்தில் மேற்கோள் எண்ணிக்கைக்கான கட்டம் மட்டும் போவதில்லை. தமிழில் எழுதும் ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவற்றைப் பன்னாட்டுக் குறியீடுகள் பார்ப்பதே இல்லை. அதனால் தமிழாய்வாளர் அந்தக் கட்டத்தில் சுழியம் போடுகிறார். களத்துக்குப் போய்ப் பட்டாசுத் தொழிலாளிகளின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்த மாணவிக்கும் சுழியம். எங்கும் போகாமல் நான்கு கட்டுரைகளை வெட்டி ஒட்டியவருக்கும் சுழியம். வேறுபாட்டைக் காட்டாத அளவுகோலை அளவுகோல் என்று சொல்வது எப்படி?

எண்ணவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எண்ணிக்கை இல்லாத காலத்தில் சாதியும் சிபாரிசும்தான் தராசாக இருந்தன. தன் பெயரில் பத்து மேற்கோள் இருக்கிறது என்று ஒரு பெண் காகிதத்தை நீட்ட முடிவது, துறைத் தலைவரின் நல்லெண்ணத்தை நம்பியிருப்பதைவிட மேல். ஆகவே கணக்கைக் கிழிப்பதைவிட, அதில் விடுபட்ட பக்கங்களை எழுதிச் சேர்க்கும் வேலையைத் தொடங்கலாம்.

அதற்குச் சில எளிய காரியங்கள் நம் கையிலேயே இருக்கின்றன. நம் ஆய்வேடுகளில் 'மற்றும் பிறர்' என்று எழுதுவதை நூலடைவிலாவது விட்டுவிட்டு எல்லாப் பெயரையும் முழுதாக எழுதலாம். நெறியாளர் என்பதற்காக மட்டும் ஒருவர் பெயரை முதலில் போடும் வழக்கத்தை மாணவிகள் மறுக்கும்போது உடன் நிற்கலாம். முதுநிலை ஆய்வேடுகளை நூலகத்தில் தேடிப் படித்து, பயன்படுத்தினால் சுட்டலாம். நிர்மலாவினுடையது போன்றவை அங்கேதான் கிடக்கின்றன. மாணவிகள் முதல் கட்டுரை எழுதும்போதே எந்தப் பெயரில், எந்த முன்னெழுத்தில் எழுதப் போகிறார்கள் என்று யோசிக்கச் சொல்லலாம். திருமணம் அதை மாற்ற வேண்டியதில்லை. தகவல் தந்த பெண்களுக்கு ஆய்வின் முடிவை அவர்கள் மொழியில் திரும்பப் போய்ச் சொல்வதை ஆய்வின் கடைசி இயலாகவே வைக்கலாம். இந்தக் கடைசி வேலைக்குப் புள்ளி கிடையாது. அது நடந்திருந்தால் சாத்தூரில் ஒரு பெண்ணும் சிவகாசியில் ஓர் இளைஞரும் வேறு வாழ்க்கை வாழ்ந்திருப்பார்கள்.

1987ஆம் ஆண்டுக் கட்டுரையை இனி எங்கே சுட்ட நேர்ந்தாலும் ஏழு பெயரையும் எழுதுவோம். கூடவே ஒரு வாக்கியம்: சென்னைக் காப்பகம் ஒன்றில் இருந்த பெண்கள், எதற்கென்று அறியாமல் கொடுத்த ரத்தத்தால் இது தெரியவந்தது. அவர்கள் பெயரைச் சொல்ல வேண்டாம். அவர்கள் இருந்தார்கள் என்று சொன்னால் போதும்.